பால்டிமோர் பொதுச் சுகாதாரக் கல்லூரி

நோய் வந்தபின் செய்யும் சிகிச்சையினின்றும் வேறாக, நோய் ஊருக்குள் புகாமலே தடுக்கும் சாஸ்திரத்திற்கெனத் தனியொரு கலாசாலை வேண்டுமென்று வில்லியம் ஹென்றி வெல்ச் போன்றோர் வற்புறுத்தியதன் பயனாக, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில், ராக்பெல்லர் அறநிலையத்தின் பொருளுதவியுடன் 1916இல் இக்கல்லூரி ஸ்தாபிதமாயிற்று. விஷக் காய்ச்சல் உலகெங்கும் உயிர்களைச் சூறையாடிக்கொண்டிருந்த 1918 அக்டோபரில்தான் இதன் வகுப்புகள் ஆரம்பமாயின. கொள்ளைநோய் பரவும் விதத்தைக் கணிதத்தால் ஆராய்ந்த வேட் ஹாம்ப்டன் பிராஸ்ட், எலிகளுக்கு உணவூட்டி வைட்டமின்களின் இயல்பைக் கண்ட எல்மர் மக்காலம் ஆகியோர் இங்கே போதித்தனர்.

இதன் சரித்திரத்தில் விசேஷமாகப் போற்றத்தக்கது ஆல்பிரட் சாமர் என்னும் கண் வைத்தியரின் பணியே. வைட்டமின் ஏ குறைவினால் அந்தி சாய்ந்ததும் கண் தெரியாமல் தடுமாறும் மாலைக்கண் குழந்தைகளை இந்தோனேசியக் கிராமங்களில் ஆராய்ந்த அவர், கண்ணில் இலேசான குறை மட்டுமே உடைய பிள்ளைகளும் மற்றவர்களைவிடப் பன்மடங்கு மாண்டுபோவதைக் கண்டு திடுக்கிட்டார். முனையைக் கத்தரித்து நாவில் பிழிந்துவிடும் வைட்டமின் ஏ எண்ணெய் மாத்திரையை ஆறு மாதத்திற்கொருமுறை கொடுத்ததில், சுமத்ராவின் ஆச்சே பிரதேசத்தில் குழந்தை மரணம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்ததென்பதை 1986இல் அவர் குழுவினர் வெளியிட்டனர். நிபுணர் பலர் இதனை எளிதில் நம்பவில்லை. வேறு தேசங்களிலும் சோதனைகள் நிகழ்ந்தன. தென்னிந்தியாவில் 15,419 குழந்தைகளிடையே, அவ்வைட்டமினை வாரந்தோறும் சிறிய அளவில் கொடுத்துச் சோதித்த மதுரை அரவிந்த் வைத்தியசாலை வைத்தியர்கள், மரணம் பாதிக்குமேல் குறைந்ததை 1990இல் அறிவித்தனர்.