இன்ஜினுக்கு ஒரு துருத்தி

உலையில் கரியை எவ்வளவு கொட்டினாலும் துருத்தி ஊதாமல் இரும்பு பழுக்காது. கார் இன்ஜினும் அப்படித்தான். பெட்ரோலை வேண்டிய மட்டும் பீய்ச்சிவிடலாம். அது எரியக் காற்று வேண்டுமே! பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உள்ளே வருகிற காற்றை நம்பியே சாதாரண இன்ஜின் ஓடுகிறது. சூப்பர்சார்ஜர் அந்தக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் துருத்தி. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதுபொறி, இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதியது. இன்று கார்களில் பூட்டும் சூப்பர்சார்ஜர்களில் ஒரு வகை அதன் நேர் வாரிசு.

லாரிகளில் நாம் பார்க்கும் டர்போவுக்கும் இதே வேலைதான். ஆனால் டர்போவை வெளியேறும் புகை சுழற்றுகிறது. சூப்பர்சார்ஜரை இன்ஜினே பெல்ட் போட்டுச் சுழற்றுகிறது. அதனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்த உடனே இழுவை கிடைக்கும்.

அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே இதைப் பூட்டிக்கொள்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பிடித்தமான கார்களில் ஒன்று, 2008 முதல் 2013 வரை எல்எஸ்3 இன்ஜினோடு வந்த செவ்ரோலே கார்வெட். 6.2 லிட்டர், எட்டு சிலிண்டர், 430 குதிரைத்திறன். இதே கார்வெட்டில் சூப்பர்சார்ஜரைத் தொழிற்சாலையிலேயே பூட்டி, 638 குதிரைத்திறனோடு 2009இல் இசட்ஆர்1 என்று விற்றார்கள். அதற்காக, பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற அழுத்த விகிதத்தை 9.1ஆகக் குறைத்தார்கள்; அடித்து உருவாக்கிய பிஸ்டன்களையும் டைட்டானியம் கனெக்டிங் ராடுகளையும் போட்டார்கள். நாம் கடையில் வாங்கிப் பூட்டும்போது இன்ஜினின் வயிற்றைத் திறப்பதில்லை. அதே வார்ப்பு பிஸ்டன், அதே 10.7 அழுத்த விகிதம். இந்த வித்தியாசம்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

காற்றின் கணக்கு எளிது. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் கிராங்க் ஒரு முறை சுற்றினால் 3.1 லிட்டர் காற்று உள்ளே போகும். ஈட்டன் நிறுவனத்தின் 2.3 லிட்டர் சூப்பர்சார்ஜர், தான் ஒரு முறை சுற்றும்போது 2.3 லிட்டர் காற்றைத் தள்ளும். கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அதை இரண்டு சுற்று சுற்றவிட்டால் 4.6 லிட்டர். 3.1 கொள்கிற இடத்தில் 4.6ஐத் திணிப்பதால் அழுத்தம் ஏறுகிறது. புல்லியைச் சிறியதாக்கினால் இன்னும் வேகமாகச் சுழலும், அழுத்தம் இன்னும் ஏறும். ஆசை எல்லை மீறுவதும் இந்தப் புல்லியில்தான்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுமே, அதே சூடு இங்கேயும் உண்டு. 30 டிகிரியில் உள்ள காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தினால் 80 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. கூடவே, ஸ்பார்க் பிளக் பொறி கிளப்பித் தொடங்கிய தீ பரவி முடிவதற்குள், மிச்சமிருக்கும் கலவையைத் தானாக வெடிக்கவைக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்வது இதைத்தான். அந்த அடியில் வார்ப்பு பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துவிடும். ஆகவேதான் சூப்பர்சார்ஜருக்குள் சுழலும் ரோட்டர்களுக்கும் சிலிண்டருக்கும் நடுவே தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர், முன்பக்கம் அதற்கென்று தனி ரேடியேட்டர், தனி பம்பு எல்லாம்.

இனி பூட்டும் வேலை. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் பழைய இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றியதும் எட்டு துவாரங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். முதல் காரியமாக அவற்றைச் சுத்தமான துணியாலோ டேப்பாலோ அடைக்க வேண்டும். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் ஹெட்டையே இறக்க நேரிடலாம். அடுத்தது கிராங்க் புல்லி. இந்த இன்ஜினில் புல்லி சுழன்றுவிடாமல் தடுக்கும் சாவி கிடையாது. ஒரு பெரிய போல்ட்டின் இறுக்கம்தான் அதைப் பிடித்திருக்கிறது. ஏசி, ஆல்டர்னேட்டர் போன்றவை மட்டும் இருந்தவரை அது போதும். சூப்பர்சார்ஜர் தன் பங்குக்குப் பல குதிரைத்திறனை விழுங்கும்போது புல்லி நழுவக்கூடும். அதனால் பாதி கிராங்கிலும் பாதி புல்லியிலும் படும்படி துளை போட்டு இரும்பு முளை அடிக்கிறார்கள். கார்வெட்டில் அந்த இடத்துக்கு நேர் எதிரே ஸ்டீயரிங் ரேக் நிற்கிறது. அதைக் கழற்றி நகர்த்தி, மடக்கிய கையோடு, துளை கோணாமல் டிரில் பிடிக்க வேண்டும். முழு வேலையிலும் பொறுமையைச் சோதிப்பது இதுதான் என்பேன்.

பிறகு பெரிய இன்ஜெக்டர்கள், வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தும் பிளக்குகள். அவற்றின் இடைவெளியையும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தக் காற்று பொறியை அணைத்துவிடும். வழக்கமாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றிருப்பதை, முழு மிதியில் 12க்குக் கீழே கொண்டுவருவார்கள். கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டரும் குளிரும். பொறி கிளம்பும் நேரத்தையும் தள்ளிப்போட வேண்டும். இவை எல்லாம் கணினியில் எழுதும் எண்கள். அவற்றை எழுதி, திறனை அளக்கும் டைனோவில் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யும்வரை முழு மிதி மிதிப்பது இன்ஜினைப் பணயம் வைப்பது. நிதானமாகச் செய்தால் 550 குதிரைத்திறனைத் தாண்டும்.

அந்தக் காரும் வெயிலில் சிக்னலில் நின்றால் தளரும். இன்ஜினின் சூடு சூப்பர்சார்ஜரின் அலுமினியக் கூட்டில் ஏறி, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை மெல்ல உயரும். கணினி பொறியின் நேரத்தைத் தள்ளிப்போட்டுத் திறனைக் குறைக்கும். பச்சை விழுந்து கார் நகர்ந்து, முன் ரேடியேட்டரில் காற்று பட்டதும் அந்த வெப்பநிலை ஒவ்வொரு டிகிரியாக இறங்கத் தொடங்கும்.