கடலோரத்தில் எங்கே குடியேறுவது?

மதுரைச் சமவெளியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்பது விடுமுறை நாளில் சென்று காணும் காட்சி. இராமேசுவரத்தில் நீராடுகிறோம், திருச்செந்தூரில் வழிபடுகிறோம், கரையில் சிறிது நேரம் நின்றுவிட்டு வண்டி ஏறி வீடு திரும்புகிறோம். ஆனால் அந்தக் கடலின் பக்கத்திலேயே வீடு பார்த்து, பிள்ளைகளை அங்கேயே வளர்க்க வேண்டிய நிலை ஒரு குடும்பத்துக்கு வந்தால் அக்குடும்பம் எதைப் பார்த்து இடம் தேர்வது? துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் வேலை பெற்றுக் கடலோர ஊர்களுக்குச் செல்லும் மதுரைக் குடும்பங்கள் பல. இன்று மாணவர்களாக இருக்கும் உங்களிலும் சிலர் நாளை அவ்வாறு செல்லக்கூடும். ஆதலின் இப்பொருளைப் பற்றிச் சில கூற விரும்புகிறேன்.

நம் ஊருக்கு ஒரு பழங்கதை உண்டு. பாண்டியரின் முதல் தலைநகராகிய மதுரை தெற்கே கடற்கரையில் இருந்தது என்றும், அதனைக் கடல் கொண்டது என்றும், பின்னர் அமைந்த கபாடபுரமும் அவ்வாறே மறைந்தது என்றும், அதன் பின்னரே இன்றைய மதுரை தலைநகராயிற்று என்றும் இறையனார் அகப்பொருள் உரை கூறுகிறது. இதனை வரலாறு என்று அப்படியே ஏற்பதற்கில்லை. ஆயினும், கடலோரத்தில் வாழ்ந்து, கடலுக்கு அஞ்சி, உள்நாட்டுக்கு வந்த ஒரு மக்களின் நினைவு அதில் ஒலிக்கிறது எனலாம். கடற்கரை ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இதற்குக் கதையைத் தேட வேண்டியதில்லை. கண்கூடான சான்றுகள் இரண்டு நம் அருகிலேயே உள்ளன. பாண்டியரின் முத்துத் துறையாகப் பெயர் பெற்றது கொற்கை. கிரேக்கரும் உரோமரும் அறிந்திருந்த அந்தத் துறைமுகம் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களின் நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து கடல் விலகிச் சென்றது. கொற்கைக்குப் பின் சிறந்த காயல் துறைமுகத்துக்கும் அதே கதி நேர்ந்தது. மற்றொரு சான்று தனுஷ்கோடி. 1914இல் இருப்புப்பாதையும் தலைமன்னாருக்குக் கப்பலும் அமைந்த அந்த ஊர் ஐம்பது ஆண்டுகள் செழித்திருந்தது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் வீசிய புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. ஊரை நெருங்கிய இரயில் வண்டி பயணிகளோடு அலையில் அழிந்தது. அதன்பின் அவ்வூர் மக்கள் வாழத் தகாத இடம் என்று அறிவிக்கப்பட்டது. கொற்கையைக் கடல் கைவிட்டது; தனுஷ்கோடியைக் கடல் கைப்பற்றியது. இவ்விரண்டும் ஒரே கடற்கரையின் செயல்கள்.

நான் புவியியல் கற்பிக்கும் ஆசிரியன். 2022இல் என் தம்பி மகனுக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்தது. ஏழு வயதிலும் நான்கு வயதிலும் அவனுக்கு இரு குழந்தைகள். "பெரியப்பா, பிள்ளைகள் கடல் தெரிகிற வீடுதான் வேண்டும் என்கிறார்கள். எந்தப் பக்கம் பார்க்கலாம்?" என்று கேட்டான். கடல் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை நான்கு என்று அவனுக்குச் சொன்னேன். அவற்றையே உங்களுக்கும் விளக்குகிறேன்.

முதலாவது, நிலத்தின் உயரம். மதுரை கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 100 மீட்டர் மேலே இருக்கிறது. கடலோரத்திலோ ஒரு மீட்டரும் இரண்டு மீட்டருமே உயிரைக் காக்கும் வேறுபாடுகள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் குழந்தைகள் மிகப் பலர். மணற்குன்றுகள் அழியாமல் நின்ற இடங்களிலும், பிச்சாவரம் பகுதியில் அலையாத்திக் காடுகளுக்குப் பின்னால் இருந்த ஊர்களிலும் அழிவு குறைவாக இருந்தது. ஆதலின் ஓரிடத்தைப் பார்க்கும்போது, கரைக்கும் வீட்டுக்கும் இடையே மணல்மேடோ காடோ இயற்கையாக நிற்கிறதா என்று காண வேண்டும். ஊர்ப் பெயர்களும் உதவும். மேடு, திட்டு, தேரி என்ற பெயர்கள் உயர்ந்த நிலத்தைக் காட்டும். பள்ளம், ஓடை, கழி, அளம் என்பன தாழ்ந்த நிலத்தைக் காட்டும். புதிதாக மனை போடுவோர் அழகிய பெயர்களைச் சூட்டலாம். தண்ணீர் பழைய பெயரைத்தான் நினைவில் வைத்திருக்கும்.

கடலோர ஊருக்குத் தண்ணீர் கடலிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதையும் மறக்கலாகாது. உள்நாட்டில் பெய்யும் மழை நீர் முழுவதும் கடலை அடையக் கடலோர ஊரைக் கடந்தே ஆக வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்பகுதியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட இது மிகுதி. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை புரண்டது, தூத்துக்குடியின் பல தெருக்களில் நாள் கணக்கில் நீர் நின்றது. என் தம்பி மகன் கரையோரத்து வீட்டை விட்டுவிட்டு, மூன்று கிலோமீட்டர் உள்ளே, தெருவைவிட நான்கு படி உயர்ந்த ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தான். அந்த மழையில் நீர் மூன்றாம் படியில் நின்றது. அடுத்த தெருவிலிருந்து கைக்குழந்தைகளோடு வந்த இரு குடும்பங்களும் அவ்வீட்டிலேயே நான்கு நாள் தங்கின. இடம் பார்க்கும் தந்தை தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: இரவில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேற நேர்ந்தால், நடந்தே சென்று சேரத்தக்க மேட்டு நிலமோ உறுதியான மாடிக் கட்டடமோ அருகில் உண்டா?

இரண்டாவது, கரையின் திசை. தமிழ்நாட்டுக் கடற்கரை முழுவதும் ஒரு தன்மையது அன்று. தொண்டி, தேவிபட்டினம் போன்ற ஊர்கள் பாக் விரிகுடாவின் கரையில் உள்ளன. அவ்விரிகுடா ஆழம் குறைந்தது. பெரும்பாலான நாட்களில் அலையும் சிறிது. இலங்கைத் தீவு கிழக்கே மறைத்து நின்றதால், 2004இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் உயிரிழப்பு மிகக் குறைவாக இருந்தது. ஆயின் அமைதியான கடல் என்றும் அமைதியாகவே இருக்கும் என்று எண்ணுவது பிழை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரணியத்துக்கு அருகே கரை கடந்தபோது, பாக் விரிகுடாவின் வடகரையில் இலட்சக்கணக்கான தென்னைகள் வீழ்ந்தன. தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் வரிசையாக நின்று கரையைக் காக்கின்றன. பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டி எடுத்ததால் அவற்றுள் இரண்டு நீரில் அமிழ்ந்துவிட்டன. காவலன் ஒருவன் இருப்பது மட்டும் போதாது. அவன் இன்னும் நலமாக இருக்கிறானா என்றும் பார்க்க வேண்டும்.

இதனோடு சேர்ந்தது மணலின் ஓட்டம். நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் கற்சுவர் கட்டினால் தென்புறம் மணல் சேரும்; வடபுறம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் எழுந்தபின் தெற்கே மெரினாவின் மணற்பரப்பு விரிந்தது. வடக்கே இராயபுரம் தன் கரையை இழந்தது. புதுச்சேரியிலும் இதுவே நிகழ்ந்தது. கற்சுவருக்கு வடக்கே மலிவாக மனை கிடைத்தால், அது ஏன் மலிவு என்பதைத் தேசப்படத்தைப் பார்த்தே அறியலாம்.

மூன்றாவது, குடிநீர். கடலோர மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து கிடக்கிறது. கடல்நீர் சற்றுக் கனமானது, நன்னீர் இலேசானது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் தங்கும் என்று கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் இரு ஐரோப்பிய அறிஞர்கள் தனித்தனியே கண்டறிந்தனர். இதன் மறுபக்கத்தைச் சிந்தியுங்கள். மின் இறைப்பான்களை வைத்து உறிஞ்சி மேல்மட்டத்தை 1 மீட்டர் குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 மீட்டர் மேலேறும். ஒருமுறை உவர்ந்த கிணறு எளிதில் இனிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாக் கிணறும் இனிக்கும். ஆதலின் சித்திரை, வைகாசியில் சென்று நீரைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். கிணற்று நீர் உவர்ந்தால் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் அத்தெருவுக்கு வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று அங்குள்ள பெண்களைக் கேட்க வேண்டும். குடத்தைச் சுமப்பவர்களுக்குத்தான் உண்மை தெரியும்.

நீரைக் கெடுக்கும் உப்பு வீட்டையும் விடுவதில்லை. உப்புக் காற்று கற்காரைக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கொள்வதால் உள்ளிருந்தே கற்காரை வெடிக்கிறது. உவர்நீரில் கலவை குழைத்துக் கட்டிய வீடு சில ஆண்டுகளிலேயே கூரைப் பூச்சை உதிர்க்கும். சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை உள்ள நிலத்தைக் கடலோர ஒழுங்குமுறைப் பகுதி என்று மைய அரசு 1991இல் அறிவித்தது. 2011இலும் 2019இலும் அவ்விதிகள் மாற்றி அமைக்கப்பட்டன. அப்பகுதியில் நினைத்த இடத்தில் நினைத்தபடி கட்ட இயலாது.

நான்காவது, குழந்தையின் ஒருநாள் வாழ்வு. பள்ளிக்குச் செல்லும் வழியில் கழியோ ஓடையோ குறுக்கிடுகிறதா? மழைக்காலத்தில் அவ்வழி மூழ்குமா? நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் மருத்துவமனை எவ்வளவு தொலைவு? புயல் பாதுகாப்பு மையம் எங்கே? இவற்றுக்கெல்லாம் விடை அலுவலகக் காகிதத்தில் கிடைப்பதைவிட அவ்வூர்ப் பெரியவர்களிடம் விரைவில் கிடைக்கும். மீனவ முதியவர் ஒருவரிடம் நான், "ஐயா, தண்ணீர் எதுவரை ஏறியது?" என்று கேட்டேன். அவர் பேசவில்லை, என்னை அழைத்துச் சென்று ஒரு வேப்பமரத்தைக் காட்டினார். அதைப் போன்ற அளவுகோல் எந்த வரைபடத்திலும் இல்லை. கடலோர மக்கள் காற்றின் திசையையும் மேகத்தின் நிறத்தையும் நாள்தோறும் படிப்பவர்கள். உள்நாட்டிலிருந்து செல்லும் குடும்பம் அவர்களோடு கூடி வாழ்ந்தால் குழந்தைகளும் அக்கல்வியைப் பெறுவர்.

அக்கல்வியின் பயனுக்கு ஒரு சான்று கூறுகிறேன். 2004 ஆழிப்பேரலையின் போது டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி தன் பெற்றோருடன் தாய்லாந்தின் கடற்கரை ஒன்றில் இருந்தாள். கடல்நீர் நுரைத்துக் கொந்தளிக்கும் விந்தையைக் கண்டதும், இரு வாரங்களுக்கு முன் வகுப்பில் படித்த புவியியல் பாடம் அவளுக்கு நினைவு வந்தது. அவள் வற்புறுத்திய பின் கரையில் இருந்தோர் வெளியேறினர். ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தனர். அன்று நம் கரையில் அத்தகைய எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் இல்லை. இன்று ஐதராபாத்தில் 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது. துறைமுகங்களில் 1 முதல் 11 வரை புயல் எச்சரிக்கைக் குறிகள் ஏற்றப்படுகின்றன. குறி ஏறினால் என்ன பொருள், கடல் திடீரென்று உள்வாங்கினால் எத்திசையில் ஓட வேண்டும் என்பவற்றைக் கடலோரத்தில் வாழும் ஒவ்வொரு குழந்தையும் எண்ணும் எழுத்தும் போல அறிந்திருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்டபின் கடலோரமே வேண்டாம் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆயிரம் ஆண்டுகளாக அங்கே மக்கள் வாழ்ந்து வருகின்றனர், வாணிகம் செய்கின்றனர், கல்வியிலும் சிறந்து விளங்குகின்றனர். செல்வோர் முதலில் ஓர் ஆண்டு வாடகை வீட்டில் இருந்து, ஒரு கார்த்திகை மழையையும் ஒரு சித்திரை வெயிலையும் கண்ட பின்னரே மனை வாங்குதல் நலம். மாணவர்களாகிய நீங்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது தேசப்படம் ஒன்றைக் கையில் கொண்டு செல்லுங்கள். கற்சுவர் எங்கே, மணல்மேடு எங்கே, ஓடை எங்கே கடலில் சேர்கிறது என்று குறியுங்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்று அவ்வூர் முதியவர் ஒருவரிடம் கேட்டு, ஆண்டையும் இடத்தையும் எழுதி வையுங்கள். கேட்பார் இல்லாவிடில் அந்த நினைவு அவரோடு மறைந்துவிடும். எழுதி வைத்தால் அங்கே குடியேற வரும் ஏதோ ஒரு குடும்பத்துக்குப் பயன்படும்.