வெப்பமிளகும் பிளாத்திக்கும் காலுக்குப் பொருந்தும் உறையும்



"வெப்பமிளகும் பிளாத்திக்கையும் வெப்பமிறுகும் பிளாத்திக்கையும் வேறுபடுத்துக" என்ற வினாவைக் கண்டதும் உங்களிற் பலர் "ஒன்று சூடாக்க இளகும், மற்றையது இளகாது" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவீர்கள். அவ்விடை பிழையன்று. ஆனால் அது முழுமையானதுமன்று. "இளகுவதால் என்ன பயன்?" என்று வினாவின் அடுத்த பகுதியில் கேட்டுவிட்டால் பேனா நின்றுவிடும். கலைப்பட்டதாரியான எனக்கு இப்பாடப்பகுதியைத் தெளிவாக்கியது அட்டவணையன்று; செயற்கைக் கால் ஒன்று செய்யப்படும் முறையே ஆகும். அதையே இங்கு உங்களுக்கு விளக்குகிறேன்.

முதலில் நமது ஊரில் இருந்தே தொடங்குவோம். அளவெட்டி என்றதும் நாதஸ்வரமும் தவிலும் நினைவுக்கு வரும். நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதன் பிறந்து புகழ்பெற்ற ஊர் இது. கோயில் திருவிழாவில் தவில் வாசிப்பவரின் வலக்கை விரல்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு விரலிலும் கடினமான கூடு ஒன்று இருக்கும். துணிக்கீற்றில் மாப்பசையைத் தடவி, விரலின் வடிவுக்கு ஏற்பச் சுற்றிக் காயவிட்டுச் செய்வது அது. ஈரமாயிருக்கும்போது விரலின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. காய்ந்ததும் அவ்வடிவத்தை விடாமல் வைத்திருக்கிறது. ஒருவருடைய கூடு இன்னொருவருக்குச் சரிவராது. மாப்பொருளும் ஓர் இயற்கைப் பல்பகுதியம் என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்ளுங்கள்.

இனிக் குளிர்நாட்டு உதாரணம் ஒன்று. கனடாவில் உங்கள் உறவினரின் பிள்ளைகள் பனித்தளத்திற் சறுக்கி விளையாடும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். நடனச் சறுக்கலுக்கு அணியும் சப்பாத்து கணுக்காலை இறுகப் பிடித்திருக்க வேண்டும். சற்றுத் தளர்ந்தால் கால் பிரளும். சற்று உரசினால் கொப்புளம் போடும். ஆகவே இக்காலச் சப்பாத்துகள் பலவற்றில் வெப்பமிளகும் பொருள்களைச் சேர்த்திருக்கிறார்கள். ஏறத்தாழ 80 பாகை செல்சியசு வெப்பநிலையிற் சில நிமிடங்கள் சூடாக்கி, மெல்லிய காலுறையுடன் காலை நுழைத்து, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஆறியதும் சப்பாத்தின் உட்புறம் அந்தக் காலின் வடிவுக்கு அமைந்திருக்கும். ஆறுமுன் எழுந்து நடந்தால் பிழையான வடிவம் நிலைத்துவிடும்.

சப்பாத்து பொருந்தாவிட்டால் வேறொன்று வாங்கலாம். செயற்கைக் கால் பொருந்தாவிட்டால் மனிதன் நடக்க முடியாது. நமது மண்ணில் மிதிவெடியாலும் எறிகணையாலும் காலை இழந்தவர்கள் இல்லாத ஊர் அரிது. இக்காலத்தில் நீரிழிவினால் காலை இழப்போரும் உளர். யாழ்ப்பாணத்தில் "ஜெய்ப்பூர்" என்று நம்மவர் சுருக்கமாகச் சொல்லும் செயற்கைக் கால் நிறுவனம் 1987 இல் ஆரம்பிக்கப்பட்டது. அப்பெயர் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரிலிருந்து வந்தது. அங்கு 1960களின் இறுதியில் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் வைத்தியர் பி. கே. சேத்தியும் சேர்ந்து, வெறுங்காலுடன் வயலில் நடக்கவும் சம்மணமிட்டு இருக்கவும் ஏற்ற இறப்பர்ப் பாதத்தை உருவாக்கினர். சப்பாத்து அணியும் நாடுகளுக்கெனச் செய்யப்பட்ட கால்கள் நம்மைப் போன்றோருக்கு உதவவில்லை என்பதே அவர்களைத் தூண்டிய காரணம். சேத்திக்கு 1981 இல் மகசேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயரையும் நீங்கள் சேர்த்தே நினைவில் வைத்திருங்கள்.

பாதத்தைப் பல அளவுகளிற் செய்து அடுக்கி வைக்கலாம். உறையை அப்படிச் செய்ய முடியாது. உறை என்பது எஞ்சிய கால் உள்ளே நுழையும் கிண்ணம் போன்ற பகுதி. உடலின் பாரம் முழுவதும் அதனூடாகவே நிலத்துக்குப் போகிறது. போர்க்காலத்தில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு உலகின் பல நாடுகளில் இதற்குப் பொலிபுரொப்பிலீன் என்னும் மலிவான வெப்பமிளகும் பிளாத்திக்கைப் பயன்படுத்தும் முறையைப் பரப்பியது. யாழ்ப்பாண நிலையத்துக்கும் அக்குழு உதவி வழங்கியது.

முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஒருவருக்கு உறை செய்வதாக வைத்துக்கொள்வோம். எஞ்சிய காலின் மேல் நனைத்த பரிசுச் சாந்துத் துணியைச் சுற்றுவார்கள். பரிசுச் சாந்து நீருடன் சேர்ந்து இறுகுவது புறவெப்பத் தாக்கம். ஆகவே சுற்றியிருப்பவருக்கு இளஞ்சூடு தெரியும். இறுகியதும் கழற்றினால் வெற்று அச்சு ஒன்று கிடைக்கும். அதனுள் சாந்துக் கரைசலை ஊற்றி இறுகவிட்டால் அவருடைய எஞ்சிய காலின் பிரதி கிடைக்கும்.

இங்குதான் ஒரு முக்கியமான விடயம் உண்டு. அந்தப் பிரதியை அப்படியே பயன்படுத்த மாட்டார்கள். என்பு தோலுக்கு அருகே இருக்கும் இடங்கள் பாரத்தைத் தாங்கா. கணைக்கால் என்பின் முன்விளிம்பும் வெளிப்பக்கத்துச் சிற்றென்பின் தலையும் அத்தகையவை. அவ்விடங்களில் பிரதியின் மேல் சாந்தைக் கூட்டி வைப்பார்கள்; உறையில் அங்கே இடைவெளி கிடைக்கும். முழங்காற் சிரட்டைக்குச் சற்றுக் கீழுள்ள தசைநாண் பாரத்தைத் தாங்கும். அவ்விடத்திற் சாந்தைச் சுரண்டி எடுப்பார்கள். உறை அங்கே சற்று அழுத்திப் பிடிக்கும். பொருந்துவது வேறு, ஒத்திருப்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கையால் தடவி அறிகின்ற தொழினுட்பவியலாளரின் அனுபவத்தை எந்தப் பொறியையும்விட உயர்வாக நான் மதிக்கிறேன்.

அடுத்து, 4 அல்லது 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள பொலிபுரொப்பிலீன் தகட்டை, பாண் போடும் போறணையைப் போன்ற மின்போறணையில் ஏறத்தாழ 180 பாகை செல்சியசில் வைப்பார்கள். இருபது நிமிடமளவில் தகடு கண்ணாடிபோலத் தெளிந்து, தோசைமாப்போலத் தொய்யும். தடித்த கையுறை அணிந்த இருவர் அதைத் தூக்கிப் பிரதியின்மேற் போர்த்தி, விளிம்புகளை ஒட்டுவர். உடனே வெற்றிடப் பம்பியை இயக்கி உள்ளிருக்கும் வளியை உறிஞ்சுவர். பிளாத்திக்கைப் பிரதியுடன் அழுத்துவது பம்பியன்று என்பதைக் கவனியுங்கள். வெளியே உள்ள வளிமண்டல அமுக்கமே அதைச் செய்கிறது. ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறத்தாழ 10 நியூற்றன் வரை விசை தாக்குகிறது. பௌதிகவியற் பகுதியிற் படித்த அமுக்கம் இங்கே வேலை செய்கிறது. இரசாயனவியல் வேறு பௌதிகவியல் வேறு என்று கொப்பிகளைப் பிரித்து வைக்கலாம், உலகம் அப்படிப் பிரிந்திருக்கவில்லை.

நன்றாக ஆறிய பின்னரே பிளாத்திக்கை வெட்டிக் கழற்றுவர். சூட்டோடு கழற்றினால் வடிவம் கோணும். சறுக்கற் சப்பாத்தைப் போல் ஏன் நேரடியாகக் காலிலேயே வார்க்கவில்லை என்று கேட்பீர்கள். 180 பாகையில் உள்ள பிளாத்திக்குத் தோலை வேகவைத்துவிடும். ஆகவேதான் சாந்துப் பிரதி. வைத்தியசாலைகளில் கை முறிவுக்கும் தசைப்பிடிப்புக்கும் பயன்படும் தாங்கித் தகடுகள் சில, ஏறத்தாழ 65 பாகை நீரில் இளகக்கூடியவை. அவற்றைத் துடைத்துச் சற்று ஆறவிட்டு நேரடியாகக் கையில் வைத்தே வடிவமைப்பர். இளகும் வெப்பநிலையே வேலைமுறையைத் தீர்மானிக்கிறது.

இப்போது "ஏன் இளகுகிறது?" என்ற வினாவுக்கு வருவோம். பொலிபுரொப்பிலீனின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். ஒரு சங்கிலிக்குள் அணுக்கள் வலிய பங்கீட்டுவலுப் பிணைப்பால் இணைந்துள்ளன. ஆனால் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே நலிந்த கவர்ச்சி விசைகளே உள்ளன. சூடாக்கும்போது சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்; ஆறும்போது புதிய இடத்தில் நிலைக்கும். சங்கிலி அறுபடுவதில்லை. எனவே மீண்டும் சூடாக்கி மீண்டும் வடிவமைக்கலாம். காலை இழந்தவருக்கு இது பெரும் உதவி. உறையில் ஓரிடம் என்பை உரசிப் புண்ணாக்கினால், அவ்விடத்தை மட்டும் சூடான வளியால் இளக்கிச் சற்று வெளித்தள்ளலாம். எஞ்சிய கால் காலப்போக்கில் மெலியும். வளரும் பிள்ளைக்கோ உறை சிறுத்துப்போகும். அப்போது புதிய உறை வார்க்க வேண்டும்.

ஜெய்ப்பூர்ப் பாதத்தின் கதை இதற்கு எதிர்மாறானது. அதன் இறப்பர் அச்சினுள் சூடாக்கி வல்கனைசுப்படுத்தப்படுகிறது. கந்தகம் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை ஏற்படுத்துகிறது. 1839 இல் சாள்சு குட்இயர் கண்டறிந்த வழி இது. குறுக்குப் பிணைப்பு ஏற்பட்டபின் சங்கிலிகள் வழுக்க முடியாது. மீண்டும் சூடாக்கினால் இளகாது, கூடிய சூட்டிற் கருகும். ஆனால் வயலிலும் சுடுமணலிலும் நடக்கும் பாதத்துக்கு அதுவே தேவை. ஆக, ஒரே செயற்கைக் காலில் இளகும் பொருளும் இளகாத பொருளும் உள்ளன. விடைத்தாளில் இந்த ஒரு காலை உதாரணமாக எழுதினால், பேக்கலைற்றுச் செருகியையும் பொலித்தீன் பையையும் தேடி அலையத் தேவையில்லை.

பயிற்சி வினா: செயற்கைக் கால் அணிந்த ஒருவரின் உறை ஓரிடத்தில் உரசுகிறது, அவரது இறப்பர்ப் பாதத்தின் குதிப்பகுதியும் தேய்ந்துவிட்டது. உறையைச் சூடாக்கித் திருத்தலாம், பாதத்தை அவ்வாறு சூடாக்கி மீள வடிவமைக்க முடியாது. மூலக்கூற்று அமைப்பைக் கொண்டு காரணம் தருக. (4 புள்ளிகள்)