நோட்டில் ஏறாத பாடங்கள்: ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன தேவை?

ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்த்த வீட்டில் முதல் வாரம் முடிவதற்குள் எழும் கேள்வி, “இன்னைக்கு என்ன எழுதின?” என்பதுதான். பக்கம் நிறைந்திருந்தால் மகிழ்ச்சி. வெறும் தாளாக இருந்தால் பள்ளிக்கூடத்தின் மீதே சந்தேகம். இந்த அவசரம்தான் ஒன்றாம் வகுப்பைக் கெடுக்கிறது. அந்த ஓராண்டில் பிள்ளை கற்றுக்கொள்ளும் முக்கியமான விஷயங்கள் பலவும் நோட்டில் ஏறுவதே இல்லை. கூட்டத்தில் வாய் திறந்து பேசுவது, அடுத்தவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது, விரல்களுக்குப் பிடிமானம் வருவது, எண்ணிக்கையை மனத்தில் வாங்கிக்கொள்வது, அம்மா பக்கத்தில் இல்லாமல் ஒரு முழு நாளைக் கழிப்பது என எல்லாமே பாடங்கள்தான்.

தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரலாம். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆறு வயது என்கிறது. எது சரி என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரே வகுப்பில் அடுத்தடுத்து உட்காரும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே பதினொரு மாத இடைவெளி இருக்கக்கூடும். ஐந்து வயதில் அது சின்ன வித்தியாசம் இல்லை. வாழ்ந்த வாழ்க்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இதில் ஒருவர் தனியார் பள்ளியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. முடித்திருப்பார். இன்னொருவர் அங்கன்வாடியிலிருந்து வந்திருப்பார். அரசுப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019 ஜனவரியில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. மூன்றாமவர் நேராக வீட்டிலிருந்தே வந்திருப்பார். இவர்களை ஒரே தராசில் நிறுத்தி, “பக்கத்து வீட்டுப் பையன் எழுதிட்டான், நீ ஏன் எழுதல?” என்று கேட்பது அநியாயம்.

வீட்டுத் தமிழும் பாடத் தமிழும்

ஒன்றாம் வகுப்பின் மிகப் பெரிய தாண்டல் மொழியில்தான் நடக்கிறது. “நான் ஊட்டுக்குப் போறேன்” என்று சொல்லி வளர்ந்த பிள்ளையின் கையில், “நான் வீட்டிற்குச் செல்கிறேன்” என்று அச்சடித்த புத்தகத்தைக் கொடுக்கிறோம். பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். பிள்ளைக்கோ பாதிச் சொற்கள் புதியவை. கன்னியாகுமரியில் ஒரு பேச்சு, கோவையில் ஒரு பேச்சு, மதுரையில் இன்னொன்று. பாடப்புத்தகத் தமிழ் இவை எதுவும் இல்லை. கிருஷ்ணகிரி எல்லையில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, ஆம்பூர், வாணியம்பாடியில் உருது, நீலகிரியில் படுகு, திருப்பூரில் வேலைக்கு வந்த குடும்பங்களில் இந்தியோ ஒடியாவோ பேசும் பிள்ளைகளுக்குத் தாண்ட வேண்டிய தூரம் இன்னும் அதிகம்.

இந்த இடத்தில் ஆசிரியர் செய்யக்கூடிய பெரிய தவறு, வாயைத் திறந்தவுடன் திருத்துவது. “ஊடு இல்ல, வீடுன்னு சொல்லு” என்று இரண்டு முறை கேட்ட பிள்ளை மூன்றாம் முறை பேசாது. பேசாத பிள்ளையை வாசிக்க வைப்பது கடினம். நல்ல ஆசிரியர் பிள்ளையின் பேச்சிலேயே கதை கேட்பார், அதே கதையைப் புத்தகத் தமிழ் கலந்து திருப்பிச் சொல்வார். கேட்டுக் கேட்டுத்தான் அந்த இரண்டாவது தமிழ் காதுக்குப் பழகுகிறது. முதல் சில மாதங்களில் பாட்டும் கதையும் நிறைய இருந்தால், “விளையாட்டுதான் நடக்குது, பாடமே நடத்தல” என்று பெற்றோர் குறைப்பட வேண்டியதில்லை. பாடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பாட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ‘மரம்’, ‘மணி’, ‘மயில்’ மூன்றும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன என்று காதால் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு ‘ம’ என்ற வடிவம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். ஒலி பிடிபடாத பிள்ளைக்கு அது வெறும் கோடுதான்.

247 எழுத்தா, இவ்வளவா என்று மலைக்கத் தேவையில்லை. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம், துணைக்குறிகள். இவற்றின் சேர்க்கைதான் மற்றதெல்லாம். ஆனாலும் வரிசை முக்கியம். அ, ஆ, இ, ஈ என்பது ஒப்பிக்க அருமையான வரிசை. எழுதத் தொடங்குவதற்கு அது எளிய வரிசை இல்லை, ஏனென்றால் ‘அ’வும் ‘இ’யும் சுழித்துச் சுழித்துப் போகும் எழுத்துகள். ட, ப, ம போன்றவற்றில் நேர்கோடுகளே அதிகம். இந்த மூன்றும் புள்ளியும் தெரிந்தாலே படம், பட்டம், மடம், மட்டம் என்று பிள்ளை தானாகவே சொற்களை வாசித்துவிடும். தானே ஒரு சொல்லை வாசித்துவிட்டோம் என்ற அந்தச் சந்தோஷம், பத்துப் பக்க எழுத்துப் பயிற்சியைவிட மேலானது.

தடுக்கும் இடங்களும் இருக்கின்றன. ‘கெ’ எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலியில் ‘க்’தான் முன்னால் நிற்கிறது. ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கும். உகர, ஊகாரக் குறிகள் ‘கு’, ‘சு’, ‘து’ என்று எழுத்துக்கு எழுத்து உருமாறும். இங்கே பிள்ளை தடுமாறினால் மந்தம் என்று முத்திரை குத்தக் கூடாது. எழுத்தின் அமைப்பே அப்படி. எல்லாப் பிள்ளைகளும் இங்கே நின்று நிதானித்துத்தான் போக வேண்டும். ல, ள, ழ குழப்பம் வளர்ந்தவர்களுக்கே தீரவில்லை.

எழுதும் கை இன்னும் முழுதாக உருவாகவில்லை என்பதையும் மறந்துவிடுகிறோம். மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளும் ஐந்து வயதில் கெட்டிப்பட்டிருப்பதில்லை. கடைசி எலும்பு உறுதியாக ஒன்பது, பத்து வயதுகூட ஆகும். களிமண் பிசைவது, மணி கோப்பது, காகிதம் கிழித்து ஒட்டுவது, மணலில் விரலால் எழுதுவது எல்லாம் எழுத்துக்கு முந்தைய பயிற்சிகள். பென்சிலைக் கொடுத்து நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால், கை வலிதான் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும்.

எண்ணிக்கை வேறு, ஒப்பிப்பது வேறு

நூறு வரை சொல்லும் பிள்ளையிடம் ஏழு புளியங்கொட்டை எடுத்துத் தரச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் திணறும். வாயால் சொல்வது ஒரு திறமை, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் என்று தொட்டு எண்ணுவது இன்னொன்று. கொட்டைகளைப் பரப்பி வைத்தாலும் குவித்து வைத்தாலும் ஏழு ஏழுதான் என்பது மூன்றாவது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே காட்டியதுபோல, ஐந்து வயதுப் பிள்ளைகள் பலருக்குப் பரப்பி வைத்தது அதிகமாகத்தான் தெரியும். அதைச் சொல்லித் திருத்த முடியாது, பிள்ளையே கையால் நகர்த்திப் பார்த்து உணர வேண்டும்.

தமிழ் நமக்கு ஒரு நல்ல உதவி செய்கிறது. பதினொன்று, இருபத்து நான்கு என்று பத்தை முன்னும் ஒன்றைப் பின்னும் வைத்துச் சொல்வதால், இடமதிப்பு பேச்சிலேயே ஒளிந்திருக்கிறது. பத்துக் குச்சிகளைக் கட்டாகக் கட்டி, மீதியைத் தனியே வைத்துக் காட்டினால் பிள்ளைக்கு அது சட்டென்று விளங்கிவிடும். தொண்ணூறு மட்டும் நூறின் சாயலில் ஒலித்துக் கொஞ்சம் குழப்பும்.

கையால் செய்து பார்த்துக் கற்கும் இந்த வழி வகுப்பறைக்குப் புதிதில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றல் இதைத்தான் முயன்றது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அந்த இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் வந்தது ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். பிள்ளை எந்த வகுப்பு என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்துக் கற்பிப்பது அதன் அடிப்படை. எண்ணம் சரியானது. ஆனால் இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொள்ளும் ஈராசிரியர் பள்ளிகள் இங்கே ஏராளம். கல்வி உரிமைச் சட்டமே அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவதற்கு ஆசிரியருக்கு நேரம் வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கென்று தனி ஆசிரியர் இல்லாமல் எந்தத் திட்டமும் முழுப் பலன் தராது என்பது என் உறுதியான கருத்து.

வயிறும் கண்ணும் பல்லும்

காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு எந்த எழுத்தும் ஏறாது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இந்த வகையில் ஒரு கல்வித் திட்டம்தான். உணவோடு உடல்நலத்தையும் கவனிக்க வேண்டும். ஐந்து முதல் ஆறு வயதுக்குள் இரண்டாவது டி.பி.டி. ஊக்கத் தடுப்பூசி போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஆறு வயதை ஒட்டி, பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் நிரந்தரப் பல். விழுந்துவிடும் பல்தானே என்று அதைச் சொத்தையாக விட்டுவிடக் கூடாது. கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் பிள்ளையையும், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையையும் திட்டுவதற்கு முன்னால் கண், காது பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

வெளியே சொல்லப்படாத பயம் ஒன்று உண்டு. அது கழிப்பறை. கேட்கக் கூச்சப்பட்டோ, அழுக்கைப் பார்த்துப் பயந்தோ, தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் நாளே கழிப்பறையைக் காட்டி, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லும் டீச்சர் பிள்ளையின் நம்பிக்கையைப் பெற்றுவிடுவார்.

அடியும் அவமானமும் சட்டப்படியே குற்றம். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சேர்க்கைக்குத் தேர்வு வைப்பதும் அதே சட்டத்தின்படி தவறு. முதல் முறைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம், முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றது. அதே ஆண்டு மத்திய அரசு இந்த வகுப்புகளின் புத்தகப் பையை ஒன்றரைக் கிலோவுக்குள் நிறுத்தச் சொன்னது. இவ்வளவுக்குப் பிறகும், வீட்டுப்பாடம் தரவில்லை என்று பள்ளியில் போய்ச் சண்டை போடும் பெற்றோரும் நம்மிடையே இருக்கிறார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இரவு சீக்கிரம் தூங்க வையுங்கள், இந்த வயதுக்குப் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். தினமும் ஒரு கதை சொல்லுங்கள், படிக்கத் தெரிந்தவர்கள் வாசித்துக் காட்டுங்கள். தட்டு எடுத்து வைக்கும்போது எத்தனை பேருக்கு எத்தனை தட்டு என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய், ஒன்றாம் வகுப்புக்குத் தனி ஆசிரியர் எங்கே, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். பிள்ளை வீடு திரும்பியதும், என்ன எழுதினாய் என்பதை விட்டுவிட்டு, இன்று யாரோடு பேசினாய், என்ன விளையாடினாய் என்று கேட்டு, அது சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்து கேளுங்கள்.