புகைக்காக விட்ட நடுக்கூடம்

இங்கிலாந்தின் தென்கிழக்கில், கிழக்கு சசெக்ஸ் பகுதியில் கக்மியர் ஆற்றை ஒட்டி ஆல்ஃப்ரிஸ்டன் என்றொரு சிற்றூர். அங்கே புனித அந்திரேயா ஆலயத்துக்குப் பக்கத்தில் கூரை வேய்ந்த பழைய குருமனை ஒன்று இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் ஓக் மரச் சட்டங்களை நட்டு, இடைவெளிகளில் குச்சி பின்னி மண் பூசி எழுப்பியது. கென்ட், சசெக்ஸ் வட்டாரங்களில் மலிந்த ‘வீல்டன்’ வகை வீடு.

இவ்வகை வீடுகளின் முகப்பில் இரு ஓரங்களிலும் மாடி முன்னே துருத்தி நிற்கும். நடுப்பகுதி மட்டும் உள்வாங்கியிருக்கும். நடுவில் மாடியே கிடையாது என்பதுதான் காரணம். கூடத்தின் தரையில் திறந்த அடுப்பு எரியும். புகைபோக்கி இல்லை. புகை கூரை வரை எழும்பி, இடுக்குகள் வழியாகத் தானே வெளியேற வேண்டும். குறுக்கே தளம் போட்டால் கீழே இருப்பவர் கண்ணைக் கசக்க வேண்டியதுதான்! ஓரங்களில் அந்தத் தொல்லை இல்லாததால் மாடி எழுப்பி, அதன் உத்தரங்களைச் சுவருக்கு வெளியே நீட்டினார்கள். மொத்த வீட்டுக்கும் ஒரே கூரை. அதனால் நடுவில் அது சுவரைத் தாண்டித் தொங்கும். அந்த விளிம்பை வளைந்த முட்டுக்கட்டைகள் தாங்கும். பின்னாளில் இந்தக் குருமனையிலும் புகைபோக்கி வந்தது, பல மாற்றங்களும் நடந்தன. உயர்ந்த கூடம் மட்டும் அப்படியே நிலைத்தது.

எனக்குப் பிடித்தது அதன் தரைதான். பக்கத்துக் குன்றுகளில் கிடைக்கும் சுண்ணக்கல்லை இடித்துப் பரப்பி, கெட்டித்து, மேலே புளித்த பாலை ஊற்றி மெழுகியிருக்கிறார்கள். பாலிலுள்ள கேசீன் புரதம் காய்ந்ததும் பசைபோல் இறுகி, சுண்ணத்தூளைப் பறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். நம் வீடுகளில் சாணம் செய்த வேலையை அங்கே பால் செய்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வீடு இடிந்து விழும் நிலைக்கு வந்துவிட்டது. ஊர்க் குருவானவர் பெய்னன் அதைக் காப்பாற்ற ஆள் தேடினார். பாரம்பரிய இடங்களைக் காக்க ஆக்டேவியா ஹில் உள்ளிட்டோர் 1895இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு, 1896இல் வெறும் 10 பவுண்டுக்கு அதை வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் இதுதான். பழுதுபார்க்க ஆன செலவோ வாங்கிய விலையைப்போல் பல மடங்கு!