முழங்கால் நோயும் ஓசோன் ஊசியும்

சேர்வராயன் மலையில் ஏற்காட்டைச் சார்ந்த தலைச்சோலை என்னுஞ் சிற்றூரில் எம் பாட்டியார் வாழ்கின்றார். இளமை முதல் காப்பித் தோட்டங்களில் பழம் பறித்தவர். செடிகளோ சரிவில் நிற்பன. பறித்த பழத்தைச் சாக்கிற் கட்டிச் சுமந்து ஏறியும் இறங்கியும் அவர் முழங்கால்கள் தேய்ந்தன. சென்ற விடுமுறையில் யாம் சென்றபோது, "கண்ணு, மூட்டுக்குக் காத்தூசி போடறாங்களாமே, போட்டுக்கிட்டா மறுபடியும் பறிப்புக்குப் போகலாமா?" என்று வினவினார். அவ்வூசிக்கென அவர் முந்தானையில் முடிந்து வைத்திருந்தது ஒரு பருவத்துக் கூலி. ஆதலின் விடையை ஆராய்ந்தே சொல்ல வேண்டியதாயிற்று.

இந்நோயைச் சித்த மருத்துவர் அழல்கீல்வாயு என்பர். கீல் என்பது மூட்டு. கதவிற்குக் கீல் எவ்வாறோ, காலிற்கு முழங்கால் அவ்வாறு. என்புகளின் முனைகளைப் போர்த்து நிற்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு நாளடைவில் தேய, மூட்டு வீங்கி இறுகி நோகின்றது. 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 52.8 கோடி மக்கள் இவ்வகை மூட்டுநோய் உற்றிருந்தனரென உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவருள் முழங்கால் நோயினரே மிகுதி.

இனி ஓசோன் யாதெனின், பிராணவாயுவின் அணு இரண்டிற்கு மாறாக மூன்று கூடியதோர் வாயு. ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஷோன்பைன் 1839இல் பாசல் நகரில், மின்சாரம் பாயுமிடத்தே எழுந்த ஒரு மணத்தைக் கொண்டு இதனை உய்த்துணர்ந்தார். மணத்தலைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லினின்றே பெயரும் அமைந்தது. சொல்லாராய்ச்சியில் விருப்புடைய எமக்கு இஃது இனித்தது. சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் மேனாட்டு மருத்துவர் பலர், மலைக்காற்றிலும் கடற்காற்றிலும் ஓசோன் மிகுதியென்றும் அதுவே நலந்தருவதென்றும் நம்பி நோயாளரை அங்கு விடுத்தனர். இன்றோ, இவ்வாயுவை மூக்கால் உட்கொள்வது நுரையீரலுக்குக் கேடென்பது ஐயமறத் தெளிந்த செய்தி. ஏற்காட்டின் குளிர்ச்சிக்குக் காரணம் அதன் உயரமேயன்றி ஓசோன் அன்று!

நஞ்சாவதொன்று மூட்டிற்கு மருந்தாவது எங்ஙனம்? தூய பிராணவாயுவில் மின்சாரத்தைச் செலுத்தி, அதன் சிறு பகுதியை ஓசோனாக்குவர். அது விரைவிற் சிதைந்து மீண்டும் பிராணவாயுவாகிவிடுமாதலின், குப்பியில் அடைத்து விற்றல் இயலாது. நோயாளியின் அருகிலேயே பொறியால் ஆக்கி, 5 முதல் 10 மில்லிலிட்டர் வரை ஊசியாற் கீலினுள் செலுத்துவர். வாரம் ஒருமுறையாகப் பன்முறை செய்வதுண்டு. அங்கே அது மூட்டுநீரோடு கலந்து, உடம்பின் காப்பாற்றலைத் தூண்டி, அழற்சியைத் தணிக்கும் என்பது ஆதரிப்போர் கொள்கை.

கொள்கை நிற்க, காட்சி யாது? 2017இல் வெளியான பிரேசில் நாட்டு ஆராய்ச்சியொன்றில் 98 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு சாரார்க்கு ஓசோனும் மற்றவர்க்கு வெறுங்காற்றும் வாரந்தோறும் எட்டு முறை ஊசியேற்றினர். யார்க்கு எது ஏற்றப்பட்டதென்பதை நோயாளரும் அறியார், அளந்தோரும் அறியார். ஓசோன் பெற்றார்க்கே வலி மிகுதியாகத் தணிந்தது. இது புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் இத்தகைய ஆராய்ச்சிகள் சிலவே, சிறியனவே, குறுகிய காலத்தனவே. மூட்டினுள் வெறும் உப்புநீரை ஏற்றினும் பலர்க்கு வலி குறைவதுண்டு என்பதையும் மறத்தலாகாது. தேய்ந்த குருத்தெலும்பு இதனால் மீள வளரும் என்பதற்குச் சான்றில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டு உணவு மருந்துத் துறையோ தன் விதியில் ஓசோனை நச்சுவாயு என்றே வகுத்து, அதற்கு மருத்துவப் பயன் அறியப்படவில்லை எனக் கூறுகின்றது. ஊசி தூய்மையற்றதாயின் மூட்டில் சீழ் பிடிக்கும் இடருமுண்டு.

இவையெல்லாம் பாட்டியார்க்கு எளிய மொழியில் உரைத்தோம். வலி சிலகாலம் தணியக்கூடும், கீல் புதிதாகாது என்றதும், "அப்ப மறுபடியும் போடணுமே" என்றார். ஐயமிலாது ஒப்பப்பட்டவை வேறு: தொடைத்தசையை வலுவாக்கும் பயிற்சி, மிகையெடை குறைத்தல், நோகும் காலுக்கு எதிர்க்கையில் ஊன்றுகோல். உடலெடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ சுமை குறையும் என 2005இல் வெளியான ஆராய்ச்சியொன்று கண்டது. பாட்டியாரோ மெலிந்தவர், அவர் குறைக்க வேண்டியது தோள்மேற் சாக்கே.

முடிச்சை அவர் அவிழ்க்கவில்லை. மூட்டு மருத்துவரை ஒருமுறை காண்பதென்று முடிவு செய்தார். அதுவரை மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து காலை நீட்டி உயர்த்திப் பத்தெண்ணும் வரை நிறுத்துகின்றார். ஏழு வந்ததும் காலைத் தாழ்த்திவிட்டுப் பத்தென்று சாதிப்பதை மட்டும் எம்மால் மாற்ற இயலவில்லை.