கிபாலேக் காட்டில் சிம்பன்சியின் தடம்

ஆப்பிரிக்கக் கானுலா என்றதும் அகன்ற புல்வெளியும், மேயும் வரிக்குதிரையும், மர நிழலில் படுத்திருக்கும் சிங்கமுமே பலர் நினைவுக்கு வருகின்றன. அங்கே வண்டியில் அமர்ந்தபடியே விலங்குகளைக் கண்டுவிடலாம். மழைக்காட்டின் நிலை வேறு. சில அடிகளுக்கு அப்பால் பார்வை செல்லாத இலையடர்த்தியில் கண்ணைக் காட்டிலும் காதே மிகுதியும் உதவும். காதைக் காட்டிலும் பொறுமை உதவும்.

உகாண்டா நாட்டின் மேற்குப் பகுதியில், ருவென்சோரி மலைத்தொடருக்குக் கிழக்கே கிபாலே என்னும் காடு இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 800 சதுர கிலோமீட்டர். 1993ஆம் ஆண்டில் இது தேசியப் பூங்கா ஆயிற்று. இரவில் உலவும் தேவாங்கின் உறவினங்களையும் சேர்த்து எண்ணினால், குரங்கின வரிசையைச் சார்ந்த 13 வகை உயிர்கள் இங்கு உண்டு. சிம்பன்சிகள் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை.

சிம்பன்சி ஒவ்வொரு மாலையும் மரக்கிளைகளை வளைத்து மடக்கி, இலை பரப்பிப் புதியதொரு படுக்கை அமைத்துக்கொண்டு உறங்கும் வழக்கமுடையது. எனவே, முதல் நாள் மாலை அது ஏறிய மரத்தைக் குறித்து வைத்து, மறுநாள் விடியுமுன் அம்மரத்தடியில் நிற்பதே தடம் பார்ப்போர் கையாளும் நேரிய வழியாகும். அது தவறினால் அடையாளங்களைத் தேட வேண்டும். ஈர மண்ணில் கைவிரல் முட்டிகள் பதிந்த சுவடு, சாற்றை உறிஞ்சிய பின் துப்பிய அத்திக்கனிச் சக்கை, அத்தி விதை நிறைந்த புத்தெச்சம் ஆகியவை அவை. எந்த அத்தி மரம் எப்போது பழுக்கும் என்று அறிந்தவன் பாதி வழியைக் கடந்தவனாவான்.

ஒலியும் வழி காட்டும். தாழ்ந்த குரலில் தொடங்கி, மூச்சிரைப்போடு ஏறி, அலறலாக முடியும் சிம்பன்சியின் கூவல் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். பெருமரங்களின் பலகை போன்ற வேர்களைக் கையாலும் காலாலும் அறைந்து முரசொலி எழுப்புவதும் உண்டு. ஆயினும், ஒலி வந்த திசையில் கூட்டம் முழுவதும் இருக்கும் என எண்ணிவிடலாகாது. ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை பகல் முழுவதும் சிறு குழுக்களாகப் பிரிந்தும் மீண்டும் கூடியும் திரிகின்றன. காலையில் கண்ட ஐந்து, நண்பகலில் இரண்டாகவோ இருபதாகவோ ஆகலாம்.

தேடுவோருக்கு மற்றக் குரங்குகளும் துணை செய்கின்றன. அவற்றுள் குறிப்பிடத்தக்கது செந்நிறக் கொலபஸ். கொலபஸ் என்பதற்குக் கிரேக்க மொழியில் உறுப்புக் குறைந்தது என்று பொருள். கைக்கட்டைவிரல் இல்லையென்னும் அளவுக்குக் குறுகியிருப்பதால் இப்பெயர் வந்தது. தழை தின்னும் இக்குரங்கு, இந்தியாவின் முசுவுக்கும் மலாய்க்காரர் லோத்தோங் என்றழைக்கும் குரங்குக்கும் நெருங்கிய உறவு. தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றையும் தனித்தனியே பெயர் சுட்டியிருப்பது ஈண்டு நினைக்கத் தக்கது. சிம்பன்சி இக்கொலபஸை வேட்டையாடித் தின்னும். ஆதலால், மர உச்சியில் அது எழுப்பும் அச்சக்குரல் கீழே சிம்பன்சி வருவதை அறிவிக்கலாம். கிபாலேயின் நடுப்பகுதியான இங்கோகோவில் இவ்வேட்டையினாலேயே செந்நிறக் கொலபஸின் தொகை வெகுவாகக் குறைந்ததென ஆய்வாளர் கண்டுள்ளனர். இரண்டையும் ஒருங்கே காக்க முயலும் காட்டில் இது எளிதில் தீராத சிக்கல்தான்.

தடத்தைக் கண்டுவிட்டால் மட்டும் போதாது. சிம்பன்சி ஓடாமல் நிற்கவும் வேண்டும். 1960ஆம் ஆண்டில் தான்சானியாவிலுள்ள கோம்பேக் காட்டுக்குச் சென்ற ஜேன் குடால் அம்மையார், தொடக்கத்தில் பல மாதங்கள் தொலைவிலிருந்தே அவற்றை நோக்க வேண்டியிருந்தது. பின்னர் வாழைப்பழம் வைத்து அவற்றை அருகே வரவழைத்தனர். பழத்துக்காகச் சண்டை மிகுந்தது. நாளடைவில் அம்முறை கைவிடப்பட்டது. கிபாலேயில் ரிச்சர்ட் ராங்கம் 1987இல் தொடங்கிய ஆய்வு வேறு வழியில் சென்றது. உணவு எதுவும் கொடாமல், அமைதியாக நாள்தோறும் பின்தொடர்ந்து சென்று அச்சத்தைப் போக்கும் வழி அது. இதற்கு ஆண்டுகள் பல ஆகும்.

அச்சம் நீங்கிய இடத்தில் நோய் நுழைந்தது. 2013ஆம் ஆண்டில் கிபாலேயின் கன்யவாராப் பகுதியில் 56 சிம்பன்சிகள் கொண்ட கூட்டத்தில் இருமலும் சளியும் பரவி ஐந்து மாண்டன. நோய்க்குக் காரணம், மனிதக் குழந்தைகளுக்குச் சளி உண்டாக்கும் ரைனோவைரஸ் சி என்னும் நுண்கிருமி எனப் பின்னர்த் தெளிவாயிற்று. மனிதனுக்குச் சில நாள் தும்மலோடு போகும் நோய், அதனை முன்பின் அறியாத உடலுக்குக் கூற்றாயிற்று. மனிதனிடமிருந்து அது எவ்வாறு சென்றிருப்பினும், அருகே சென்று பார்ப்பது தீங்கற்றது என்னும் எண்ணம் அதன்பின் நிலைக்கவில்லை.

இன்று காண வருவோர் எட்டுப் பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். முகக்கவசம் அணிய வேண்டும். நோயுற்றவர் உடன் செல்லக் கூடாது. வழக்கமான காட்சியில் சிம்பன்சிகளோடு இருக்கும் நேரம் ஒரு மணிக்கு மேற்படலாகாது. சிலருக்கு இது கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால், வருவோர் செலுத்தும் கட்டணமே காவலர்க்கு ஊதியமாகிறது. அதில் ஒரு பகுதி அண்டைச் சிற்றூர்களுக்கும் செல்கிறது. காட்டுப்பன்றிக்கும் சிறுமானுக்கும் வைக்கும் கம்பிக் கண்ணிகளில் சிக்கிக் கைகால் இழந்த சிம்பன்சிகள் கிபாலேயில் பல. அக்கண்ணிகளைத் தேடி அகற்றுவோரும் தடம் பார்க்கத் தெரிந்தவர்களே.

ஒரு மணி முடிந்ததும் வந்தவர்கள் திரும்புகின்றனர். சிம்பன்சிகள் தரையில் இறங்கி, முட்டியூன்றி, புதருக்குள் மறைகின்றன. மாலையில் எந்த மரத்தில் கிளை முறியும் ஓசை கேட்கிறதென்று காவலர் குறித்துக்கொள்கின்றனர்.